லிவர்பூல் நகரின் ஷெய்கு அப்துல்லாஹ் குவில்லியம்

ஜொகூர் பாருவில் ஜலசந்தியைப் பார்த்தவாறு மேட்டின்மீது நிற்கும் சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசலை அறியாத வியாபாரி நம்மில் இருக்க முடியாது. 1892ஆம் ஆண்டில் தொடங்கி 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பள்ளியின் மினாராக்கள் ஆங்கில நாட்டு மணிக்கூண்டுகளைப் போன்ற சாயலுடையவை. அதைக் கட்டத் தொடங்கிய சுல்தான் அபூபக்கர் அவர்கள் பலமுறை இங்கிலாந்துக்குச் சென்று வந்தவர். 1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் மாநகரிலேயே காலமானார். இங்கே அந்தப் பள்ளி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே இங்கிலாந்தின் பெரிய துறைமுகப் பட்டணமான லிவர்பூலில், ஆங்கிலேயர் ஒருவர் சாதாரண வீட்டு வரிசை ஒன்றினுள் ஒரு பள்ளிவாசலை நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிவாசலோடு நில்லாமல் அவ்வூர்க் கிறிஸ்தவ ஏழைகளுக்கு வருடந்தோறும் விருந்து வைத்தார். பெற்றோர் கைவிட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் ஏற்படுத்தினார். ஷெய்குல் இஸ்லாம் அப்துல்லாஹ் குவில்லியம் என்று அன்றைய முஸ்லிம் உலகம் முழுவதும் பேசப்பட்ட அந்தப் பெரியவரின் சரித்திரத்தை நம் சங்கத்து நேயர்கள் அறிந்துகொள்வது நலம். அவருடைய உயர்வில் நமக்கு எவ்வளவு விஷயம் உண்டோ, அவருடைய வீழ்ச்சியிலும் அவ்வளவு உண்டு.

வில்லியம் ஹென்றி குவில்லியம் 1856ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி லிவர்பூலில் பிறந்தார். அவருடைய முன்னோர் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தார் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள், மதுவிலக்கில் உறுதியானவர்கள். அந்த நாளில் இங்கிலாந்தில் தொழிலாளியின் கூலி சாராயக் கடைக்கே போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்க ஊர்தோறும் மதுவிலக்குச் சங்கங்கள் இருந்தன. குவில்லியம் சிறு வயதிலேயே அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். பின்னாளில் அவர் ஏற்றுக்கொண்ட மார்க்கத்துக்கு அந்தப் பழக்கமே ஒரு படியாக அமைந்ததென்று சொன்னால் மிகையாகாது.

1878ஆம் ஆண்டில் அவர் சொலிசிட்டர் ஆனார். வக்கீல் தொழிலில் விரைவில் பெயரெடுத்தார். ஏழை எளியவர்களின் வழக்குகளை எடுத்து நடத்தியதால் லிவர்பூல் நீதிமன்றங்களில் அவரைத் தெரியாதவர் இல்லை என்ற நிலை உண்டாயிற்று. துறைமுகத்தில் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிக்காரர்களின் தொழிற்சங்கத்துக்கும் பிற்காலத்தில் தலைமை வகித்தார்.

உழைப்பு மிகுதியால் உடல்நலம் குன்றியபோது, வைத்தியர்களின் யோசனைப்படி மொராக்கோ தேசத்துக்குப் போனார். அங்கே செல்லும் கப்பலில் ஹஜ்ஜு முடித்துத் திரும்பும் பயணிகள் சிலர் இருந்தனர். கடல் கொந்தளித்து, கப்பல் ஆடியபோதும், அவர்கள் ஒளுச் செய்து தளத்தின்மீது அணிவகுத்து நின்று தொழுததை அவர் கண்டார். காற்றையும் அலையையும் பொருட்படுத்தாத அந்த அமைதி அவர் உள்ளத்தில் பதிந்துவிட்டது. ஊர் திரும்பிய பின்னும் இஸ்லாத்தைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். 1887ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார்.

அக்காலத்து லிவர்பூலைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். உலகத்துப் பருத்தி வந்து இறங்கும் பட்டணம் அது. நம் பினாங்கு, சிங்கப்பூர் வியாபாரிகளுக்கு நன்கு தெரிந்த நீலப் புகைக்கூண்டுக் கப்பல்கள், அதாவது ஆல்பிரட் ஹோல்ட் கம்பெனியின் கப்பல்கள், லிவர்பூலைத் தலைமையிடமாகக் கொண்டவை. இந்தப் பகுதியிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் அவையும் உண்டு. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறந்த பின்னர் கீழ்நாட்டு வியாபாரம் பன்மடங்கு பெருகிற்று. லஸ்கர்கள் எனப்படும் இந்திய, அரபு மாலுமிகள் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

கப்பல் முதலாளிகளின் மாளிகைகளுக்கு அடுத்த தெருவிலேயே சொல்லொணாத வறுமை குடியிருந்தது. 1847ஆம் ஆண்டு அயர்லாந்துப் பஞ்சத்தின்போது இலட்சக்கணக்கானோர் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெயிலே படாத முடுக்குகளிலும் நிலவறைகளிலும் வாழ்ந்தார்கள். பிரௌன்லோ ஹில் என்ற இடத்தில் இருந்த ஏழையர் விடுதி, இங்கிலாந்திலேயே மிகப் பெரிய விடுதிகளுள் ஒன்று. செல்வமும் பசியும் தோளோடு தோள் உரசும் துறைமுகப் பட்டணங்களை நாமும் அறிவோமல்லவா?

1887ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னன் தெருவிலிருந்த ஒரு மதுவிலக்கு மண்டபத்தில் குவில்லியம் அவர்கள் ஒரு பிரசங்கம் செய்தார். நேராக இஸ்லாத்தைப் பேசினால் எவரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, உலகம் முதலில் வெறியர்கள் என்று ஏசிப் பின்னர் போற்றிக் கொண்டாடிய சீர்திருத்தக்காரர்கள் சிலரைப் பற்றிப் பேசி, அவர்களுடைய வரிசையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் வைத்துப் பேசினார். வக்கீலின் சாமர்த்தியம்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓர் இளம் பெண்ணுக்கு அந்தப் பேச்சு தைத்தது. அவர்தாம் பின்னர் பாத்திமா கேட்ஸ் என்று பெயர் பெற்ற அம்மையார். குர்ஆன் மொழிபெயர்ப்பை வாங்கிப்போய்ப் படித்தார். வீட்டில் தாயாரின் கோபத்துக்கு ஆளானார். கூட்டத்துக்கு வரும் வழியில் தெருப் பையன்கள் குதிரைச் சாணத்தை அவர் முகத்தில் அப்பினார்கள். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. லிவர்பூல் முஸ்லிம் ஜமாஅத்தின் முதல் பொருளாளரும் அவரே. ஒரு பெண்மணி பொருளாளராக இருந்தாரா என்று நம்மவர் சிலர் புருவத்தை நெரிக்கலாம். இருந்தார்; அந்த ஜமாஅத்தின் தொடக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள்.

ஆரம்பத்தில் கைவிரலில் எண்ணக்கூடிய சிலரே இருந்தனர். மவுண்ட் வெர்னன் தெருவில் வாடகைக்கு எடுத்திருந்த இடத்தின் சொந்தக்காரர், இவர்கள் என்ன மதத்தார் என்று தெரிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். எனவே வெஸ்ட் டெர்பி சாலையிலுள்ள புரூஹம் டெரஸ் என்ற வீட்டு வரிசையில் 8ஆம் எண் வீட்டுக்கு ஜமாஅத் இடம் மாறியது. 1889ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டனுக்கு அருகே வோக்கிங் என்னும் ஊரிலும், போபால் பேகம் ஷாஜஹான் அவர்களின் பொருளுதவியால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. இங்கிலாந்தின் முதற் பள்ளிவாசல்கள் இவ்விரண்டே. வோக்கிங் பள்ளி ஓர் அரசியின் தர்மம். லிவர்பூல் பள்ளி ஊர்க்காரர்களே கூடி நடத்தியது.

மாடி ஜன்னலிலிருந்து பாங்கு சொன்னபோது தெருவில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. கல், சேறு, உடைந்த கண்ணாடி எல்லாம் வந்து விழுந்தன. தொழுகைக்கு வந்தவர்களுக்கும் அடி விழுந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறு கூட்டத்தார் செய்யக்கூடியது என்ன? கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் இருந்துவிடலாம்; பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். குவில்லியம் அவர்களோ தங்களைக் கல்லால் அடித்த தெருவுக்கே சோறு போட்டார்.

டிசம்பர் 25 கிறிஸ்தவர்களின் பண்டிகை நாள். கடை, தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும். வசதியுள்ள வீடுகளில் விருந்து நடக்கும். வேலையில்லாதவனுக்கும் வீடில்லாதவனுக்கும் அன்றுதான் ஆண்டில் மிகக் கொடிய நாள். கை நீட்டக்கூடத் தெருவில் ஆள் இராது. குளிரோ எலும்பைத் துளைக்கும். அந்த நாளில் முஸ்லிம்கள் தங்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். 1880களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் தேதி காலையில் லிவர்பூல் ஏழைகளுக்கு முஸ்லிம் ஜமாஅத் சூடான உணவு பரிமாறியது. நூற்றுக்கணக்கில் வந்தார்கள். நீ என்ன மதம் என்று வாசலில் எவரும் கேட்கவில்லை. மாலையில் பாட்டும் வேடிக்கை நிகழ்ச்சிகளும் உண்டு.

பரிமாறியவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் அநேகர் சில வருடங்களுக்கு முன்வரை அதே நாளில் தாய் தந்தையருடன் விருந்துண்டவர்கள். இஸ்லாத்தைத் தழுவியதால் சொந்த வீட்டிலே ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் அன்று, போக்கிடம் இல்லாமல் வீட்டில் முடங்கியிருக்க வேண்டியவர்கள், அங்கியைக் கட்டிக்கொண்டு பசித்தவனுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தார்கள். தர்மம் வாங்கியவனுக்குப் பசி தீர்ந்தது. கொடுத்தவனுக்குத் தனிமை தீர்ந்தது.

இன்னொன்று. இந்த விருந்தைக் கண்ட பின்னர் ஊரார் எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று கதை கட்டத் தேவையில்லை. கல்லெறி ஒரே நாளில் நின்றுவிடவும் இல்லை. பலன் கண்டு செய்தால் அது வியாபாரம். கல்லெறி ஓயும்வரை காத்திராமல் வருடந்தோறும் செய்துகொண்டே போனார்கள் என்பதுதான் இதிலுள்ள பெருமை.

ஜமாஅத் வளர்ந்தது. பக்கத்து வீடுகளும் சேர்ந்தன. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள், மாலை வகுப்புகள், நூல் நிலையம், பொருட்காட்சி அறை, வெளியூர் முஸ்லிம்கள் தங்க இடம், அச்சுக்கூடம் எல்லாம் அந்த வரிசைக்குள் அமைந்தன. 1893ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கிரசென்ட்’ வாரப் பத்திரிகை 1908 வரை வெளிவந்து, உலகத்தின் பல பாகங்களிலிருந்த முஸ்லிம்களுக்கும் சென்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோவிலுக்குப் போய்ப் பழகிய ஆங்கிலேயர்களுக்காக ஆங்கிலத்தில் பாட்டும் பிரசங்கமும் கொண்ட கூட்டம் நடத்துவார். இது சுன்னத்தான வழியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஜும்ஆவுக்குப் பதிலாக அவர் அதை வைக்கவில்லை.

துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகளுக்கு அந்த வீடு ஒரு புகலிடமாயிற்று. நோயுற்று அந்நியப் பட்டணத்தில் இறந்துபோகும் லஸ்கருக்கு ஜனாஸா தொழவைத்து, முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்ய முதன்முறையாக ஒரு ஜமாஅத் கிடைத்தது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் சந்ததியாராகிய நமக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மையித்தைத் தூக்க நான்கு பேர் இல்லாத ஊரில் சாவதைப் போன்ற பயம் வேறு எது?

அடுத்து அவர் தொட்ட காரியம் எல்லாவற்றிலும் கடினமானது. அக்கால இங்கிலாந்தில் மணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கும் இடம் இல்லை. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் அந்தக் குழந்தையின் பாரத்தைத் தாயின் தலைமீதே சுமத்தியது. வேலைக்காரியாக இருந்தால் வேலை போய்விடும். தகப்பன் வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். ஆகவே, பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லும் கூட்டம் ஒன்று நாடெங்கும் பெருகியது. அவர்களிடம் போன குழந்தைகள் பல உயிரோடு இருப்பதில்லை. அமீலியா டையர் என்பவள் இப்படி வாங்கிய சிசுக்களைக் கொன்று தேம்ஸ் ஆற்றில் எறிந்ததற்காக 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூக்கிலிடப்பட்டாள். இங்கிலாந்து முழுவதும் அந்த வழக்கைக் கேட்டு நடுங்கியது.

அதே சமயத்தில்தான் லிவர்பூல் முஸ்லிம்கள் மதீனா இல்லம் என்ற பெயரில் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகளை, முறையான மணத்தில் பிறந்தவையா என்று பாராமல், எடுத்து வளர்ப்பது அதன் நோக்கம். குழந்தை செய்த குற்றம் ஒன்றுமில்லையே! பெற்றவரின் பெயரை மாற்றித் தன் பிள்ளையாக எழுதிக்கொள்ளும் தத்து முறை நம் மார்க்கத்தில் இல்லை. ஆனால் ஆதரவற்ற சிசுவை எடுத்து வளர்ப்பது எத்தீமை ஆதரிப்பதைப் போன்ற பெரும் நன்மை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இந்த இல்லத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: பிள்ளை முஸ்லிமாக வளரும் என்பதை ஒப்படைப்பவர் சம்மதிக்க வேண்டும். அன்றைய கிறிஸ்தவ அநாதை இல்லங்களும் தத்தம் மதப்படியே பிள்ளைகளை வளர்த்தன என்பது உண்மை. என்றாலும், டிசம்பர் 25ஆம் தேதி விருந்தையும் இந்த இல்லத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதையும் கேளாமல் கொடுத்த விருந்தின் கை சற்று உயர்ந்து நிற்பதாகவே எனக்குப் படுகிறது. வேறு விதமாக நினைப்பவர்களும் நம்மிடையே இருப்பார்கள்; அவர்கள் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் சோறும் கூரையும் போதாது, ஒரு கூட்டமும் வேண்டும். அந்தக் கூட்டத்தை ஜமாஅத் தன் வழியில் தந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரிகள் கேட்கக்கூடிய முதற் கேள்வி இது. பெரும் பங்கு குவில்லியம் அவர்களின் வக்கீல் வருமானத்திலிருந்தே வந்தது. வெளிநாட்டு முஸ்லிம்களும் அனுப்பினார்கள். 1895ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தான் அமீரின் குமாரர் இளவரசர் நஸ்ருல்லாஹ் கான் இங்கிலாந்துக்கு வந்தபோது லிவர்பூல் ஜமாஅத்துக்கு 2,500 பவுன் நன்கொடை அளித்தார். வீடுகளை வாங்க அந்தத் தொகை உதவியது.

துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவரைப் பிரிட்டிஷ் தீவுகளின் ஷெய்குல் இஸ்லாமாக நியமித்தார். 1894ஆம் ஆண்டில் சுல்தானின் பிரதிநிதியாக மேற்கு ஆப்பிரிக்காவின் லாகோஸ் பட்டணத்துக்குச் சென்று, அங்கே ஒரு புதிய பள்ளிவாசலின் திறப்பு விழாவில் கலந்துகொண்டார். அந்தப் பள்ளியைக் கட்டியவர் முஹம்மது ஷிட்டா என்ற வியாபாரி. அவருடைய தர்மத்தை மெச்சி சுல்தான் ‘பே’ என்ற பட்டத்தை அனுப்பியிருந்தார். ஷிட்டா பே பள்ளிவாசல் என்று அது இன்றும் வழங்குகிறது. ராஜாக்களின் கட்டடங்கள் எத்தனையோ பெயர் மறைந்து போயின. ஒரு வியாபாரியின் பெயர் நிற்கிறது.

ஏழைகளுக்கு விருந்து வைத்து அரசாங்கத்தின் தயவைச் சம்பாதிக்க நினைத்தவர் அல்லர் குவில்லியம். 1896ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சேனை சூடான் தேசத்தின்மீது படையெடுத்தபோது, முஸ்லிம் சிப்பாய்கள் முஸ்லிம்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கலாகாது என்று வெளிப்படையாக ஃபத்வா கொடுத்தார். ராஜத் துரோகி என்று பத்திரிகைகள் ஏசின. அவர் தம் நகரத்து ஏழையை நேசித்தது வேறு, தம் நாட்டு அரசை எதிர்த்துப் பேசியது வேறு. இரண்டையும் ஒரே காலத்தில் செய்தார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் சுமார் 600 பேர் அவர் மூலமாக இஸ்லாத்தைத் தழுவினார்கள் என்பது கணக்கு. அவர்களில் அவருடைய தாயாரும் ஒருவர்.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தமான பகுதி. சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. 1908ஆம் ஆண்டில் குவில்லியம் அவர்கள் திடீரென்று இங்கிலாந்தை விட்டு இஸ்தான்புல் சென்றார். ஒரு விவாகரத்து வழக்கில் தம் கட்சிக்காரருக்காக முறையற்ற வழியில் சாட்சியம் உண்டாக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1909ஆம் ஆண்டில் சொலிசிட்டர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அவரை ஆதரித்த சுல்தான் அப்துல் ஹமீதும் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். இங்கேயும் பிடி போயிற்று. அங்கேயும் பிடி போயிற்று.

லிவர்பூலில் என்ன நடந்தது? அவர் போன சிறிது காலத்துக்குள் பள்ளிவாசலாக இருந்த சொத்தை அவருடைய மகன் விற்றுவிட்டார். ஜமாஅத் கலைந்தது. சிலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். சிலர் வோக்கிங் பள்ளியோடு சேர்ந்தார்கள். பத்திரிகை நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, மதீனா இல்லம் நின்றது, டிசம்பர் 25ஆம் தேதி விருந்தும் நின்றது. கட்டடம் நகராட்சியின் கைக்குப் போய், பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் அலுவலகமாயிற்று. மிஹ்ராபு இருந்த பகுதியில் பதிவேடுகள் அடுக்கப்பட்டன.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும். சுமார் 600 பேர் கலிமாச் சொன்ன ஒரு ஜமாஅத், ஒரு மனிதர் ஊரைவிட்டுப் போனதும் ஏன் கலைந்தது? கல்லெறிந்தவர்கள் அதைக் கலைக்கவில்லை. அரசாங்கமும் கலைக்கவில்லை. அந்தக் கட்டடம் வக்ஃபாக எழுதப்பட்டு, நாலு நம்பிக்கைக்குரியவர்களின் பொறுப்பில் இருந்திருந்தால், மகன் நினைத்தாலும் விற்றிருக்க முடியாது. சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர், எத்தனையோ பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், அல்லாஹ்வின் வீட்டுக்கு அந்த ஒரு பத்திரத்தை எழுதி வைக்கவில்லை!

இதனோடு பினாங்குப் பட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் இனத்தவரான காதர் முஹைதீன் மரைக்காயர், கப்பித்தான் கிளிங் என்று பெயர் பெற்றவர், கம்பெனி அரசு 1801ஆம் ஆண்டில் தந்த நிலத்தில் பள்ளிவாசலை எழுப்பினார். 1834ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதற்குப் பிறகு அந்தச் சொத்துகளைப் பற்றி எத்தனையோ பிணக்குகள் வந்ததுண்டு. ஆயினும் அவை வக்ஃபு என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தபடியால் கைமாறி அழிந்துவிடவில்லை. 1905ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒரு வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. பள்ளி இன்றும் நிற்கிறது. ஜொகூரில் வக்ஃபுச் சொத்துகள் மாநில இஸ்லாமிய மார்க்க மன்றத்தின் பொறுப்பில் உள்ளன. நம் ஊர்ச் சங்கங்களிலோ, ஓர் அன்பர் தம் பெயரில் கடை வாங்கி அதன் வாடகையை மதரஸாவுக்குத் தருவார். நல்ல மனிதர், கணக்கிலே ஒரு வெள்ளி குறையாது. அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் வாடகையை என்ன செய்வார்கள் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க நமக்கு நாணமாக இருக்கிறது. லிவர்பூலிலும் எவரும் கேட்கவில்லை.

குவில்லியம் அவர்கள் முதல் உலகப்போர்க் காலத்துக்குள் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பழைய பெயரில் திரும்பவில்லை. ஹாரூன் முஸ்தபா லெயோன் என்ற பெயரோடு லண்டனில் அமைதியாக வாழ்ந்தார். ஒரு கல்விக் கழகத்தில் பொறுப்பு ஏற்று, ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். வோக்கிங் பள்ளிவாசலின் கூட்டங்களில் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் பாரசீகத்தின் ஷாவும் துருக்கி சுல்தானும் பட்டம் தந்து மதித்த மனிதர், வரிசையில் ஒருவராக ஸஃப்பில் நின்று தொழுதார். அந்தப் பணிவான முதுமை, பழைய புகழைவிட அவருக்கு அழகு செய்தது என்பேன்.

1932ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி லண்டனில் அவர் காலமானார். வோக்கிங்குக்கு அருகே புரூக்வுட் மையவாடியில் அடக்கப்பட்டார். நம் கடைகளிலும் வீடுகளிலும் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான இரண்டு பெயர்கள், மர்மடியூக் பிக்தால், அப்துல்லாஹ் யூசுப் அலி. அவ்விருவரும் பின்னர் அதே மண்ணில்தான் அடங்கினார்கள். அவர்களுள் பிக்தால், தமிழ் முஸ்லிம் வணிகப் பெருந்தகை ஜமால் முஹம்மது சாகிப் ஆதரவில் நடந்த சொற்பொழிவு வரிசையில் 1927ஆம் ஆண்டு மதராஸுக்கு வந்து பேசியவர்.

குவில்லியம் தொடங்கிவைத்த வகையான தர்மம் இங்கிலாந்தில் பிறகு வேறு கைகளால் எழுந்தது. 1984ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரில் டாக்டர் ஹானி அல்பன்னா முதலியோர் தொடங்கிய இஸ்லாமிக் ரிலீஃப் நிறுவனம் உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்திலேயே வெள்ளத்தால் வீடிழந்த ஆங்கிலேயர்களுக்கும் முஸ்லிம் தொண்டர்கள் உதவிய செய்திகளை 2014ஆம் ஆண்டுக்குப் பின் பலமுறை படித்திருக்கிறோம். அவை நிறுவனங்கள், அறங்காவலர்களும் ஆண்டுக் கணக்கும் உடையவை.

புரூஹம் டெரஸ் கட்டடம் பல ஆண்டுகள் பதிவு அலுவலகமாக இருந்து, பின்னர் பாழடைந்து கிடந்தது. லிவர்பூல் முஸ்லிம்கள் குவில்லியம் அவர்களின் பெயரில் ஒரு சங்கம் அமைத்து, நன்கொடை திரட்டி, அதைச் செப்பனிட்டார்கள். 2014ஆம் ஆண்டில் அங்கே மீண்டும் தொழுகை தொடங்கியது. குதிரைச் சாணத்தை முகத்தில் வாங்கிக்கொண்டும் கூட்டத்துக்கு வந்த பாத்திமா கேட்ஸ் அம்மையார் 1900ஆம் ஆண்டிலேயே காலமாகியிருந்தார். ஆன்பீல்டு மையவாடியில் அடையாளமின்றிக் கிடந்த அவருடைய கபுருக்கு, முஸ்லிம்கள் பணம் சேர்த்து 2022ஆம் ஆண்டில் ஒரு பெயர்க்கல் நாட்டினார்கள்.